அக்காவின் போனில் ஒரு அம்புக்குறி

இன்றைக்கும் யாராவது போனை நீட்டி, "சின்ன செட்டிங்தான், செத்த மாத்திக் குடேன்" என்றால் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிடுகிறது. கேட்டவர் மேல் அல்ல. அவர் பாவம், எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார். அந்தச் 'சின்ன' என்கிற வார்த்தைதான் எனக்கு ஆகாது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால், திண்டுக்கல்லில் ஒரு காம்பவுண்டு வீட்டில், நான் ஒரு சின்ன செட்டிங்கை மாற்றினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மாற்றியது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

அந்த வயதில் எங்கள் தெரு முழுக்க எனக்குப் பெயர் இருந்தது. பெயர் வந்த கதை வெங்காய மண்டியில் தொடங்கியது. அப்பாவுக்கு அங்கே எடை போடுகிற வேலை. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனபோது மண்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்து அசந்துபோனேன். யாரோ கீபோர்டின் மேல் கையை ஊன்றியதில் திரையில் எல்லாம் தலைகீழாகிவிட்டிருந்தது. மண்டிக்காரர்கள் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். மானிட்டரையே தலைகீழாகக் கவிழ்த்து, விழுந்துவிடாமல் வெங்காய மூட்டையோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி, இரண்டு நாட்களாக அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினேன். படம் திரும்பியது. மானிட்டரை அவிழ்த்து நிமிர்த்த நான்கு பேர் ஓடி வந்தார்கள். முதலாளி என் தலையில் கை வைத்து, "இது சாதாரணப் பிள்ள இல்ல" என்றார்.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் தொடாதே என்று சொன்ன எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். மண்டி விஷயம் பரவியதும் தெருவில் உள்ள போன்களெல்லாம் என் கைக்கு வந்தன. இந்தியில் மாட்டிக்கொண்ட போனைத் தமிழுக்குக் கொண்டுவருவேன். யாரும் கேட்காமலே தொற்றிக்கொண்ட காலர் டியூனைக் கழற்றிவிடுவேன். நட்சத்திரக் குறியும் ஹாஷும் சேர்த்துச் சில எண்களை அழுத்தினால் போனுக்குள்ளே ஒளிந்திருக்கிற இன்னொரு போன் வெளியே வரும். அது எனக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் என்னிடம் கெஞ்சியாக வேண்டும். அந்தக் கெஞ்சலுக்கு நான் அடிமையாகியிருந்தேன்.

மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற சின்ன சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார். எங்கள் வீட்டில் என்னோடு சரிக்குச் சரியாகச் சண்டை போடுகிற பெரிய ஆள் அவர் ஒருத்தர்தான். அதனாலேயே அவர் என் கட்சி என்று நம்பினேன். இப்போதும் 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். பழக்கதோஷம்.

அக்கா பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தது அவர்தான். தட்டுத் தட்டாக இனிப்பும் பழமும் பட்டுப் பாவாடையும் வந்தன. நான் ஜாங்கிரித் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் அக்காவைப் பார்த்து, "என்ன, மாமன் எப்பத் தூக்கிட்டுப் போறாராம்?" என்று கேட்பார்கள். நானும் கூடச் சேர்ந்து கேலி செய்வேன். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்குக் கேலி புரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் நேர்காணல் முடித்து வந்தாள். தங்குவதற்கு விடுதியும் அவர்களே தருவார்களாம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "திங்கக்கிழமையில இருந்து மூணு நாளுக்குள்ள போன் பண்ணுவாங்களாம்மா. எடுத்துப் பேசலேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்ருவாங்களாம்." அம்மா, "சரி சரி, காலக் கழுவிட்டு வா" என்றாள். வீட்டில் இருந்தது ஒரே போன். கல்லூரிக்குப் போய்வர அப்பா வாங்கிக் கொடுத்த பட்டன் போன் அது. அன்றிலிருந்து அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வருகிற நாள். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் தண்ணீர் வருகிற நாள் என்றால் திருவிழா மாதிரிதான். பத்து நாளைக்கு ஒருமுறை வரும். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாவது குடத்தோடு நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்குப் போவது எப்போதும் அம்மாதான். அம்மாவின் குரலுக்குத் தெருக்குழாயே பயப்படும். அன்றைக்கு அம்மா, "எனக்கு இடுப்பு வலிக்குது. நீ போய்க் குடத்த வை" என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா தயங்கினாள். "போன நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று அம்மா கையை நீட்டினாள். அக்கா போனைக் கொடுத்துவிட்டு இரண்டு குடத்தோடு ஓடினாள். மாமா அப்போது உள்ளேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா போனை என் கையில் வைத்து, "மாமா என்னமோ கேக்குறான், என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஏ குட்டி, ஒரு நம்பருக்கு வர்ற போன வேற நம்பருக்குத் திருப்பி விடலாமாமே. ஒனக்குத் தெரியுமா?"

"அது சுண்டக்கா விஷயம் மாமா."

"அப்ப இதுல போட்டு என் நம்பருக்குத் திருப்பி விடு. எவனோ ஒரு பய அக்காவுக்குப் போன் போட்டு வம்பு பண்றானாம். அவ வெளிய சொல்ல மாட்டா. அவன் குரல மட்டும் கேட்டுட்டேன்னா நான் பாத்துக்கிறேன். அவகிட்ட மூச்சு விட்றாத, பயந்துருவா. வேல முடிஞ்சதும் என் கேமரா போன் ஒனக்குத்தான்."

அக்காவைக் காப்பாற்றுகிற வேலை, அதற்குப் பரிசாகக் கேமரா போன். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நட்சத்திரக் குறியைப் போட்டு, ரகசிய எண்ணைப் போட்டு, மாமாவின் நம்பரைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். திரையின் மேல் மூலையில் கடுகளவு ஓர் அம்புக்குறி முளைத்தது. மாமா என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று நாட்கள் அந்தப் போன் அடிக்கவே இல்லை. விளம்பர மெசேஜ்கள் மட்டும் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் அக்கா பதறி எடுத்துப் பார்ப்பாள். குளிக்கப் போகும்போது அதை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அக்கா என்னிடம் போனைக் காட்டினாள்.

"இது சரியாத்தான இருக்கு? செத்த பாரேன்."

"டவரெல்லாம் ஃபுல்லா இருக்குக்கா."

"மேல ஒரு அம்புக்குறி தெரியுதே, இதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

"அது டவர் தேடுதுக்கா" என்றேன்.

இதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் அதிலேயே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் போனைச் சரி செய்து கொடுக்கிறவள் என்றுதான் அவள் என்னிடம் கேட்டாள். நான் சொன்னால் நம்புவாள். நம்பினாள்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது அப்பாதான், அதுவும் தெரியாமல். புதன்கிழமை மத்தியானம் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். மண்டிப் போனிலிருந்து அக்காவின் நம்பருக்குப் போட்டார். எடுத்தது மாமா. பின்னால் சந்தை ஏலம் கூவுகிற சத்தம். இருபது வருடம் மண்டியில் கிடந்த அப்பாவுக்கு அந்தச் சத்தம் எந்தச் சந்தையினுடையது என்றுகூடத் தெரியும். எடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். போன் அக்காவின் உள்ளங்கையில் இருந்தது. மாமா முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்.

சாயங்காலம் மாமா வந்தார். கொஞ்சமும் பதறவில்லை.

"ஏன் மச்சான், ஒங்க சின்ன மகதான் எதையாச்சும் நோண்டி வச்சிருக்கும். ஊருக்கே தெரியுமே அது கை."

"அப்ப இவளுக்கு வந்த போனெல்லாம் ஒனக்கா மாப்ள வந்துச்சு?"

"ஒண்ணு வந்துச்சு. கோயம்புத்தூருன்னு ஒரு அம்மா பேசுச்சு. கல்யாணம் பேசி வச்சிருக்க பொண்ணு, வேலைக்கெல்லாம் வராதுன்னு சொன்னேன். இருக்கறதத்தான மச்சான் சொன்னேன்?"

அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வம்பு பண்ணுகிற பயல் எங்கே? என்னை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தே கண்ணடிக்கிறாரே இந்த ஆள்? நான் நடுவீட்டில் நின்று கத்தினேன்: "பொய்! மாமாதான் போடச் சொன்னாரு! வேணும்னா அம்மாவக் கேளுங்க, அம்மாதான் போன..."

அடி விழுந்தது. அம்மா அவ்வளவு வேகமாக வருவாள் என்று நான் நினைக்கவில்லை. இடுப்பு வலி என்றவள். அவளுடைய ஐந்து விரலும் என் கன்னத்தில் பதிந்தன. "பெரிய மனுஷனப் பத்திப் பொய்யா சொல்ற, பொய்யா" என்று மறுபடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அப்பா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். நாள் முழுக்கத் தராசைப் பார்க்கிற மனிதர் எங்களை நிமிர்ந்து பார்க்காமல் போனதுகூட எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா அடுத்த நாள் தானாகவே கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இத எப்படி எடுக்கறதுன்னு சொல்லிக் குடு" என்று மட்டும் கேட்டாள். இரண்டு ஹாஷ், இருபத்தொன்று, இன்னொரு ஹாஷ் என்றேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அவள் அழுத்தியதும் அம்புக்குறி மறைந்தது. "பாத்தியா, சரியாயிருச்சு!" என்று நான் கைதட்டினேன். எந்த செட்டிங்கையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த உலகம்.

வைகாசியில் மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது. மாமா சொன்ன வார்த்தை தவறவில்லை, கேமரா போனைப் புதுச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் எனக்குக் கொடுத்தார். நான் அதை மண்டபத்துத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டேன். அதற்கும் அடி வாங்கினேன், வலிக்கவில்லை. அக்கா இப்போது தொப்பம்பட்டிப் பக்கம் இருக்கிறாள். அவள் கைக்கு எந்தப் போன் வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் அழுத்திப் பார்க்கிறாள். எனக்கு இன்று கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது என்பதை அவளிடம் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மாமாவின் மேல் மட்டும்தான் கோபம் என்று ஒன்பது வருடம் இருந்தேன். பிறகு நானும் படித்து முடித்து, சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் போனுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்கும் குழாயில் தண்ணீர் வருகிற நாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கையை நீட்டினாள். "போன நான் பாத்துக்கிறேன், நீ போய்க் குடத்த வை."

அம்மா அன்று வேறெதையும் நினைத்துச் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அதே கை, அதே வார்த்தைகள். போனை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நானே குடத்தைத் தூக்கினேன். அம்மா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

வரிசையில் நின்றபோது கன்னம் எரிந்தது. அந்தப் புதன்கிழமை நடுவீட்டில் நின்று நான் கத்தியபோது, எனக்காகப் பேச இருக்கிற ஒரே சாட்சி என்று நினைத்துத்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். மாமாவுக்குக் கூட்டு என்று அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அடுத்த வார்த்தை வருவதற்குள் அடி விழுந்தது.