ஐந்து மணிக்குள் சேர வேண்டும்

எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைக்காமல் நான் திரிந்துகொண்டிருந்த எழுபதுகளில், காரிமங்கலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பிற்பகல் அந்த அம்மாளைச் சந்தித்தேன். புளி மண்டியில் கொட்டை எடுப்பவர். நாற்பது வயதிருக்கும். இத்தனை வருஷப் புளி அவர் விரல் நுனிகளைத் தின்றிருந்தது. பேச்சுக்கு நடுவே விரல்களை வாயருகே கொண்டுபோய், சுடுசோற்றை ஊதுவதுபோல ஊதிக்கொண்டே இருந்தார். மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. இன்று ஐந்து மணிக்குள் வந்து சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"போயிடுங்கம்மா. கைப்புண்ணாவது ஆறும்," என்றேன்.

"ஆறுமுங்க. மண்டிக்காரன் வாயத் தொறந்தா சாக்கடை. ஆனா எப்பத் திட்டுவான், எதுக்குத் திட்டுவான்னு எனக்கு அத்துப்படிங்க. அங்க இருக்கறவன் எப்படியோ?"

"நல்லவனா இருந்துட்டா?"

"அதுக்கும் புதுசாப் பழகணுமில்லீங்களா," என்று சிரித்தார்.

தருமபுரி போகும் மூன்றரை மணி பஸ் வந்தது. அடுத்தது ஐந்தரைக்குத்தான். அவர் சட்டென்று எழுந்து, முண்டியடித்து ஏறியவர்களின் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். கடைசிக் கூடையும் ஏறியதும் கண்டக்டர் கத்தினார்: "யம்மா, நீ வர்லியா?"

"நான் சும்மா வந்தனுங்க."

பஸ் நகர்ந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மண்டியை நோக்கி அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார், வேலைக்கு நேரமாகிவிட்டவர்போல. அந்த அவசரம் மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.