கவிழ்த்து வைத்த ராணி

திண்டுக்கல் பேகம்பூரில் ஆரிபாவை ரத்தப் பரிசோதனை நிலையத்து அம்மா என்றுதான் தெரியும். அவர் சதுரங்கப் புதிர் கட்டுபவர் என்பது கணவர் கிதர் முகம்மதுவின் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அவர் புதிர்களில் வெட்டுக்கிளி என்றொரு காய் வரும். ராணி போகும் திசைகளில்தான் அதுவும் போகும். ஆனால் வழியில் நிற்கும் ஒரு காயைத் தாண்டி, அடுத்த கட்டத்தில் இறங்கவேண்டும். தாண்ட எதுவும் இல்லையென்றால் நகராது. அந்தக் காய்க்கு ராணியைக் கவிழ்த்து வைப்பார்.

புதிருக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும். வேறு வழியிலும் ராஜாவை மடக்க முடிந்தால் புதிர் உடைந்தது. உடைப்பது கிதரின் வேலை. தோல் மண்டியிலிருந்து வந்ததும் பலகை முன் உட்காருவார். "இந்தா, ஒடைஞ்சுபோச்சு பாரு" என்பார். ஆரிபாவுக்குக் கோபமும் வரும், நிம்மதியும் வரும்.

போன வருடம் பக்கவாதத்தில் கிதருக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. ஆரிபா பலகையைக் கட்டிலருகே வைத்தார். நாத்தனார் ரஃபியாவுக்குப் பொறுக்கவில்லை.

"மனுசன் இப்படிக் கெடக்கையில வெளையாட்டா மதினி?"

"அவுக வேலையத்தான் குடுக்குறேன். வேற என்னத்தக் குடுக்க?"

கிதர் காய்களைத் தொடவே இல்லை. ஒருநாள் ஆரிபா, எளிதில் உடையும் புதிரொன்றை வேண்டுமென்றே அடுக்கினார். கிதர் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தப்புத்தாங்க. இனிமே இப்படிச் செய்யமாட்டேன்" என்றார் ஆரிபா.

பிறகு, வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த புதிரை வைத்தார். அது உடையாது என்று நம்பியிருந்தார். கிதரின் இடது கை தட்டுத்தடுமாறி வந்து ஒரு சிப்பாயை முன்னே தள்ளியது. கை தவறிவிட்டதென்று ஆரிபா அதைப் பழைய இடத்தில் வைத்தார். கிதர் மறுபடி அதையே தள்ளினார்.

ஆரிபா குனிந்து பார்த்தார். சிப்பாய் நகர்ந்ததும் வெட்டுக்கிளிக்குத் தாண்ட ஒரு காய் கிடைத்துவிட்டது. ராஜாவுக்குப் போக்கிடமில்லை.

"ஒடைஞ்சுபோச்சுங்க."

கிதரின் பாதி வாய் சிரித்தது.

புதிரை நிறுத்திவைக்கச் சொல்லி ஆரிபா பத்திரிகைக்கு எழுதினார். இருவரும் அதைத் திருத்தினார்கள். ஆரிபா அடுக்க, கிதர் தள்ள. கடைசியாக அடுக்கியதைக் கிதர் சாயங்காலம்வரை பார்த்தார். எதையும் நகர்த்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நோன்பு தொடங்கும் முன் கிதர் மௌத்தானார், அடக்கமும் முடிந்தது. புதிர் அதன்பிறகுதான் வெளியானது, இருவர் பெயரிலும்.

இப்போது ஆரிபாவின் புதிர்களைக் கணினி சோதிக்கிறது. நொடியில் சொல்லிவிடுகிறது. சரி என்று அது சொன்ன பிறகும், அவர் ஒருநாள் பொறுத்தே அனுப்புகிறார்.