சமாதானம் எழுதிய அறிக்கை

வீட்டில் அவளுக்குச் சமாதானம் என்று பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர்தான். ஆனால் அப்பாவும் அண்ணனும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் நடுவில் போய் நின்றதால், ஏழெட்டு வயதிலேயே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்த முதன்மைப் பாடம் புள்ளியியல். கூடவே ஒரு துணைப்பாடமும் வேண்டும் என்றபோது 'அமைதியும் நீதியும்' என்ற பாடத்துக்கு எழுதிக்கொடுத்தாள். பெரிய இலட்சியம் எதுவுமில்லை. அந்த வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடும், பேருந்து பிடிக்க வசதி. வீட்டில் சும்மா பார்த்த வேலைக்கு இனிமேல் சான்றிதழும் கொடுப்பார்களாம் என்று அண்ணன் கேலி செய்தான்.

போகப் போக அந்த வகுப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. தவறு செய்தவரையும் அதனால் அடிபட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுவது எப்படி என்று பேராசிரியை சொல்லித்தந்தார். நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்தத் துறையிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள்.

கடைசி ஆண்டில் களப்பணி. உண்மையான ஒரு பிணக்கை எடுத்து, மூன்று சந்திப்புகள் நடத்தி, அறிக்கை கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அண்டை வீட்டுச் சுவர்ச் சண்டை, வாடகைச் சண்டை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். சமாதானத்துக்குச் சித்தி வழியாகவே ஒன்று கிடைத்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் ஆலையில் சித்திக்குத் துணி மடிக்கும் வேலை. அங்கே சூடான உருளைகளுக்குள் ஈர விரிப்பைக் கொடுத்து இஸ்திரி போடும் பெண்ணுக்கு வலது கை மாட்டிக்கொண்டு மூன்று விரல்கள் வெந்துபோயின. எல்லோரும் அவளை உருளை அக்கா என்பார்கள். கை பட்டால் உருளையை நிறுத்திவிடும் கம்பி ஒன்று அந்த இயந்திரத்தில் உண்டு. தடித்த மடிப்பு வந்தாலும் அது நிறுத்திவிடும், வேலை தேங்கும். அதனால் சூப்பர்வைசர் அதைக் கிழிந்த துணியால் இழுத்துக் கட்டிவைத்திருந்தார்.

ஆலை மேலாளர் சந்திப்புகளுக்கு உடனே அனுமதி கொடுத்தார். அந்தச் சுலபத்தை அவள் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டாள்.

உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால், தொழிலாளர்கள் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு சந்திப்பிலும் சூப்பர்வைசர் குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாவதில் உடைந்துவிட்டார். கம்பியைக் கட்டியது தன் கைதான் என்றும், அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்றும் சொல்லி அழுதார். உருளை அக்கா அவர் அழுது முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் கம்பியை எப்போ அவுத்து விடுவீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். அறிக்கை கொடுக்க இன்னும் நான்கே நாள் இருந்தது. 'இணக்கம்' என்ற கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சமாதானம் குறுக்கே புகுந்தாள்.

"அதை அப்புறம் பேசலாம்க்கா. இப்போ இவர் சொன்னதுக்கு உங்க மனசுல என்ன தோணுது, அதை மட்டும் சொல்லுங்க."

உருளை அக்கா வெந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சரிம்மா. மன்னிச்சுட்டேன்னு எழுதிக்கோ" என்றாள்.

சமாதானம் அப்படியே எழுதினாள். கம்பியைப் பற்றிய கேள்வி குறிப்பேட்டில் இருந்தது; அறிக்கையில் வரவில்லை. அதைச் சேர்த்தால் கடைசி அத்தியாயம் நிற்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. 'இரு தரப்பும் முழு மனநிறைவோடு பிரிந்தனர்' என்று முடித்தாள். உருளை அக்கா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். வகுப்பிலேயே அதுதான் முதல் மதிப்பெண். மேலாளர் ஒரு படி கேட்டபோது அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்து மாதம் கழித்து, உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சித்தி சொன்னாள். கம்பியைச் சரிசெய்ய வேண்டும், தனக்கு வேறு வேலை தர வேண்டும் என்று உருளை அக்கா அந்தச் சந்திப்புகளுக்கு முன்பே தொழிலாளர் ஆய்வாளருக்கு மனு போட்டிருந்தாளாம். ஆய்வாளர் வந்ததும் மேலாளர் சமாதானம் எழுதிய அறிக்கையைக் காட்டியிருக்கிறார். பல்கலைக்கழக முத்திரை, மனுதாரரின் கையெழுத்து. ஆய்வாளர் கோப்பை மூடிவிட்டார். எல்லாம்தான் தீர்ந்ததே என்று அவளை மறுபடி உருளையிலேயே நிறுத்தினார்கள். ஒரு வாரம் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டு வேலையை விட்டுவிட்டாள்.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்" என்றாள் சித்தி.

யாரும் தன்னைத் திட்டவில்லை என்பதுதான் சமாதானத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மறுநாள் உருளை அக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். இரண்டு அறை. அக்கா இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சமாதானம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையமர்த்தினாள்.

"நீ கெட்ட பொண்ணு இல்லம்மா. நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்த. எழுதும்போது உனக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கிட்ட."

சமாதானம் அந்தத் தண்ணீரைத் தொடாமலே எழுந்தாள்.

அங்கிருந்து நேரே பேராசிரியையிடம் போய் உள்ளதைச் சொல்லி, அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். அவர் தயங்கினார். திரும்பப் பெற்றால் களப்பணி ரத்தாகும், துணைப்பாடமே கிடைக்காது, பட்டத்தில் புள்ளியியல் மட்டும்தான் இருக்கும் என்று எச்சரித்தார். இருக்கட்டும் என்றாள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்று முறை அலைந்த பிறகு கோப்பைத் திறந்தார்கள். கம்பி சரிசெய்யப்பட்டது. உருளை அக்கா மட்டும் திரும்பிப் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் மணியடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

மனம் கொஞ்சம் ஆறியது என்று நினைத்தபோதுதான் அடுத்தது தெரியவந்தது. கம்பியைக் கட்டியது என் கைதான் என்று, ஆய்வாளரிடம் அவள் கொடுத்த குறிப்பேட்டில் இருந்த வரியையே காட்டி, மேலாளர் சூப்பர்வைசரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். மேலாளர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

படிப்பு முடிந்து குடிநீர்த் துறையில் புள்ளிவிவர எழுத்தராக அவள் சேர்ந்த வருடம், ஒரு மரக்கடையில் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பலகைகளை அளந்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று கால் திரும்பியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். நல்லா இருக்கியாம்மா, படிப்பு முடிஞ்சுதா என்று விசாரித்தார். அவள் எப்படியோ வார்த்தைகளைக் கூட்டி, தன்னால்தான் அவர் வேலை போனது என்று சொன்னாள்.

"நான் கட்டினது உண்மைதானேம்மா" என்றார் அவர். பிறகு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "யார் கட்டச் சொன்னாங்கன்னு உன் நோட்டுல இருந்துச்சா?"

இல்லை. மூன்று சந்திப்பிலும் அவள் அதைக் கேட்கவே இல்லை. அவர் அழுததே போதும் என்று இருந்துவிட்டாள்.

"கேட்கலை சார்" என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொன்னார். அவள் போனாள். மேலாளர் கம்பியைக் கட்டச் சொன்ன நாளிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் அவர் பேசினார். ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினாள். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னார், திருத்தினாள். இதை ஆய்வாளரிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து வேண்டாம் என்றாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவை இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. ஆய்வாளரிடம் கொடுக்கலாம் என்று என்றைக்காவது சொல்லி அனுப்புவார் என அவள் காத்திருக்கிறாள். அனுப்பாமலிருந்தாலும் அது அவருடைய முடிவு என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.