மாமா உடைத்த சுவர்

புருசெத் அடுக்குமாடியை விட்டு நாங்கள் குடிபோன வீடு, ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் வீடுகளைப் பார்த்து ஒஸ்லோவில் கட்டப்பட்ட செங்கல் வரிசையில் ஒன்று. தெரிந்தவர்களெல்லாம் நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் புதுவீடு வாங்க, அப்பா மட்டும் இந்தப் பழசில் மயங்கினார். ஒடுக்கமான முகப்பு, முன்னறை, பின்னறை, ஏணி போலச் செங்குத்தான படிக்கட்டு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் நடுவில் ஒரே சுவர்.

அந்தக் கோடையில் அம்மாவின் தம்பி லண்டனிலிருந்து வந்தார். அங்கே அவர் இருந்ததும் இதே அச்சில் வார்த்த வீடு. ஆகவே இந்தக் கட்டடக்கலை தனக்குத் தண்ணிபட்டபாடு என்பது மாமாவின் எண்ணம். முன்னறைச் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

“அத்தான், இதுக்குள்ளை ஃபயர்பிளேஸ் ஒண்டு கிடக்கு. ரெண்டு வீட்டு அடுப்பும் முதுகோடை முதுகு ஒட்டி, ஒரு புகைபோக்கிக்குள்ளை போய்ச் சேரும். பிறகு வந்தவங்கள் மூடிப்போட்டாங்கள்.”

“உடைச்சுப்போட்டு இல்லாட்டி?” என்றார் அப்பா.

அதற்குள் அம்மா, அதன் மேல்தட்டில் குத்துவிளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவின் கட்சி தோற்றது.

மாமா சொன்னது சரிதான். சாந்து உதிர்ந்தது, செங்கல் கழன்றது, அழகான இரும்பு வளைவுடன் கணப்படுப்பு வெளிப்பட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆழம் பார்க்கவென்று பின்சுவரில் இன்னும் ஒரு அடி போட்டார். கல் அந்தப் பக்கம் விழுந்தது, ஏதோ உடைந்தது. துளைக்குள் கரி படிந்த ஒரு வெள்ளைப் புருவம் தோன்றியது.

“குட் ஆஃப்டர்நூன்” என்றார் மாமா.

இனி வழக்குத்தான், வீடே போய்விட்டது என்று நினைத்த அப்பாவுக்குப் பயத்தில் நோர்வேஜிய மொழி முழுவதும் மறந்துபோனது. மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு அவரும் மாமாவும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். கிழவரின் வெள்ளைச் சோபா கறுப்பாகியிருந்தது. அவர் நிதானமாகப் பேசினார்.

“என்னவாம்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

“இவ்வளவு காலமும் ஒருத்தரும் கதவைத் தட்டேல்லையாம். நீங்கள் நேரை சுவராலை வந்திட்டியளாம்.”

“பகிடியோ, கோவமோ?” என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா கேட்டார்.

“முகத்திலை ஒண்டும் தெரியேல்லை.”

கிழவர் கரியைத் தட்டிவிட்டு எங்களை இருத்தி, கோப்பி ஊற்றினார்.

மேசன் வரும்வரை அம்மா சுடச்சுடப் பொரித்த ரோல்ஸை அந்தத் துளையால்தான் கிழவருக்கு நீட்டுவார். துளையை அடைக்கிற நாளில் கிழவர் மேசனுக்குப் பக்கத்தில் நின்று, அவசரமில்லை, ஆறுதலாகச் செய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை திருத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.