தாகத்தோடு உறங்கும் கிழங்கு

டயாலிசிஸ் வார்டின் வரவேற்பு மேசைமேல் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதில் இளஞ்சிவப்புப் பூக்கள் சில. எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இதழ்களை மட்டும் பின்பக்கமாக மேலே தூக்கி நின்றன. ஆரணியிலிருந்து விடிகாலைப் பேருந்தில் வேலூருக்கு வந்து, முறை வருவதற்காக நானும் அக்காவும் காத்திருந்தோம். அந்த மருந்து நெடியில் எதையும் ஏறெடுத்துப் பார்க்காத அக்கா அன்றைக்கு அதைப் பார்த்தாள். "காத்துல திருப்பிக்கின குடை மாதிரி கீதுடி" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு நோயைப் பற்றி அல்லாமல் அவள் தானாகச் சொன்ன வார்த்தை அது. இதை வீட்டில் வளர்த்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எதுவும் அப்படித்தான். யோசனை வருவதற்கும் கை பரபரப்பதற்கும் நடுவே மூச்சுவிட நேரம் கிடையாது.

மேசையில் இருந்த நர்ஸ் அதன் பெயர் சைக்லமென் என்றார். ஊட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம், ஏசி இருப்பதால் பிழைத்திருக்கிறதாம், உங்கள் ஊர் வெயிலில் வைத்தால் சாயங்காலமே செத்துப்போகுமாம். அக்காவை மெஷினில் மாட்டியதும் நான் வெளி நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். கடையில் விற்கிற பெரிய பூ வகைதான் இப்படி மிருது. இதற்கே குட்டியாக ஒரு முரட்டு வகை உண்டு, பனி விழுந்தாலும் சாகாது. கோடை வந்தால் இலையெல்லாம் காய்ந்து விழ, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். மழைக்காலத்தில் மறுபடி பூக்கும். கோடையில் உறங்கிவிடுகிற செடி! ஆரணிக்கென்றே செய்தது போல இருந்தது. பனியைத் தாங்கும் என்று எழுதியிருந்ததை, எதையும் தாங்கும் என்று நான் படித்துக்கொண்டேன். கல்லூரியில் நான் படித்தது தாவரவியல், இருந்தும் அவசரக்காரிக்கு அதெல்லாம் தடை இல்லை.

அக்கா இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். கால் வீங்கியபோது நாள் முழுக்க நிற்பதால் என்று நினைத்தாள், முகம் வீங்கியபோது தூக்கமில்லாததால் என்று நினைத்தாள். தெரியவந்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததால் அவர்கள் கொடுக்க முடியாது. நான் கொடுக்கிறேன் என்று பேச்செடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பதைவிடக் கொடுமை தாகம். உடம்பில் சேரும் நீரை வெளியேற்ற வழியில்லாததால் ஒரு நாளுக்கு ஒரு பாட்டில்தான் கணக்கு. அம்மா காலையில் ஒரு நீல பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிய கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுப்பாள். மாத்திரை, காபி, ரசம் எல்லாம் அதற்குள்தான். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூடியில் ஊற்றிக் குடிப்பாள். குடித்த பிறகும் மூடியின் உட்புறத்தை நாக்கால் தொடுவாள். பக்கத்து வீட்டுக் குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தச் சொல்வாள்.

நீலகிரிப் பக்கம் ஒரு நர்சரிக்காரரிடமிருந்து பார்சலில் வந்தது கிழங்கு. தட்டையாக, வறட்டி போல. அம்மா எட்டிப் பார்த்தாள். "இருக்கிற நோயாளியப் பாக்கவே ஆள் இல்ல, இன்னொன்ன கூட்டிகினு வந்துட்டியா?" வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அப்பாவின் தறிக்குழி. அவர் காலைத் தொங்கப்போட்டு மிதிகட்டையை மிதிக்கிற பள்ளம் அது. பட்டு நூல் அறாமலிருக்க அந்த அறையில் எப்போதும் ஈரமும் நிழலும் இருக்கும். குழி ஓரத்தில் தொட்டியை வைக்கலாமா என்று கேட்டேன். "என் காலுக்கே எடம் பத்தல, செடிக்கு வாடகைக்கு வுடணுமா?" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே ஒரு பலகையை வைத்துக் கொடுத்தார். அவருக்கு எதிரே கட்டிலைப் போட்டு அக்காவும் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில், இலை வரும் முன்பே பூ வந்தது. பிறகு வந்த இலைகளில் வெள்ளிக் கோலம் போட்டதுபோல ஒரு வரி. அப்பா தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "யாரு போட்ட டிசைன்டா இது, ஒரு எழை பிசகல." அக்கா சிரித்தாள். நான் மறக்காதது அந்தச் சிரிப்பைத்தான். பூ உதிர்ந்ததும் காம்பு கம்பிச் சுருள் போலச் சுற்றிச் சுற்றித் தரைக்கு இறங்கி, விதைக்காயை மண்ணோடு வைத்து அழுத்தியது. அக்கா அந்தச் சுருளை விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டே, "தன் புள்ளைய தானே பள்ளத்துல எறக்கி வைக்குதுடி" என்றாள்.

பங்குனியில் இலைகள் மஞ்சளடித்தன. காய்கள் வெடிக்கும் பதத்தில் இருந்ததால் அக்கா விதைகளைப் பொறுக்கி, காலியான மாத்திரை டப்பா ஒன்றில் போட்டாள். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும் முன் படித்துப் படித்துச் சொன்னேன், இனி மழை வரும்வரை இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும்.

"அது வரைக்கும்?"

"தூங்கும்க்கா."

"தாகத்தோட எவளாவது தூங்குவாளா?"

"அதுக்குத் தாகம் எடுக்காதுக்கா. ஆவணி மழையில பாரு, செத்தது மாதிரி கெடக்கிறது எழுந்துக்கும்."

"எழுந்துக்குமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் அவள் செடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்துக்கும், நீயே பார்க்கப் போகிறாய் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் அவள் பேச்சில் ஆவணி இருந்தது. ஆவணி வரட்டும், குடை விரியட்டும், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்பாள்.

அந்தக் கத்திரி வெயில் கொடூரமாக இருந்தது. வார்டில் நர்ஸ் அக்காவைப் பாராட்டியதாக அம்மா சொன்னாள். இரண்டு டயாலிசிசுக்கு நடுவே எடை ஏறவே இல்லையாம், சொன்ன அளவுக்கும் குறைவாகக் குடிக்கிறாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது ஆசையாகத் தொட்டியைத் தூக்கினேன். கனத்தது. காய்ந்த மண் அப்படிக் கனக்காது. விரலை விட்டதும் ஈரம். கிளறியதும் நாற்றம். கிழங்கு என் விரலுக்குள் கூழாக உடைந்தது.

நிமிர்ந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து மடியிலிருந்த நீல பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"மூடியில ஒரு முடக்குதான் ஊத்துவேன்" என்றாள். "என் பங்குலதான்டி. அம்மாவக் கேக்கல."

அப்பா நாடாவை நிறுத்திவிட்டார்.

"நீ சொன்ன, எனக்குத் தெரியும். ஆனா எதிர்லயே காஞ்சுகினு கெடக்குது. நான் குடிச்சிகினு அத எப்படிப் பாத்துகினு இருப்பேன்?"

வேறு கிழங்கு வரவழைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "அதுவும் காயும். அதையும் பாக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, யாரும் அழுதுவிடக் கூடாது என்பதுபோல, "ரெண்டு பேருக்கும் தண்ணிதான் எமன், அப்புறம் எதுக்கு இம்மாம் பாசம்?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். நான் தொட்டியைப் பின்பக்கம் எடுத்துப்போய்க் கொட்டினேன். அழுகிய வாடை இரண்டு நாள் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஆவணியைப் பற்றிப் பேசவில்லை. ஆவணி வந்தது, மழையும் வந்தது, அவள் சன்னலைச் சாத்தச் சொன்னாள். புரட்டாசியில் ஒருநாள் மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கியது. இறங்கியது ஏறவில்லை.

அடக்கத்தன்று பாஸ்டர், அவள் இனி தாகமே அடையமாட்டாள் என்று ஜெபித்தார். அம்மா அந்த இடத்தில்தான் உடைந்து அழுதாள். ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் எனக்கு அந்த வார்த்தை இன்றுவரை தொண்டையில் இறங்கவில்லை. தாகம் என்றால் என்ன என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கு யாரும் நின்றிருக்கவில்லை. அந்தத் தாகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு கிழங்குக்கு ஊற்றினாள். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சென்ற வாரம், மீந்துபோன மருந்துகளை யாருக்காவது பயன்படட்டும் என்று கொடுப்பதற்காக அந்த வார்டுக்குப் போனேன். மேசைமேல் அதே தொட்டி. அதில் இப்போது பிளாஸ்டிக் ரோஜா, இதழெல்லாம் தூசி. பழைய செடி என்னவாயிற்று என்று கேட்டேன். ஏசி பழுதான வாரத்தில் போய்விட்டது என்றார் புது நர்ஸ். அக்காவின் நாற்காலியில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் இருந்தாள். அவள் மடியிலும் ஒரு பாட்டில்.

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தேன். விதைகள் காய்ந்து, கறுத்து, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தன. இவை இருட்டில்தான் முளைக்குமாம், குளிரும் வேண்டுமாம். நீல பாட்டிலில் ஊறப்போட்டிருக்கிறேன். அதில் ஊற்றியபோது, என்னை அறியாமல் பிளாஸ்திரிக் கோட்டோடு நிறுத்திவிட்டேன். அப்பா நான் கேட்காமலே பலகையை எடுத்துக் குழிக்குள் இன்னும் கீழே, வெளிச்சம் படாத மூலையில் வைத்துவிட்டு, "காலு பட்டா திட்டாத" என்றார். நாளை விதைக்கப் போகிறேன். பழைய விதை, முளைக்காமலும் போகலாம். முளைத்துவிட்டால் என்றாவது ஒரு கோடையில் அதன் இலை மஞ்சளடிக்கும். அன்றிலிருந்து மழை வரும்வரை, அது எதிரிலேயே காய்ந்து கிடக்க, நான் தண்ணீர் ஊற்றாமல் இருந்து பார்க்க வேண்டும்.