பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்று, பக்கத்திலேயே எண்ணெய்ச் செக்கு, ஒலக்கூர் தாண்டிக் கரம்பாகக் கிடந்ததை வாங்கிக் கிணறு வெட்டிய நிலம், மாடி வைத்த வீடு. மூன்றாம் வகுப்போடு நின்று மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கப் போன நான்தான் இத்தனையையும் எழுப்பினேன். கிணற்றில் பாறை வந்தது, புயலில் மில் தகரம் பறந்து அடுத்த தெருவில் விழுந்தது, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அசரவில்லை. அதற்கப்புறம் என்னைப் பார்த்து "எழுந்து அந்தப் பக்கம் உட்காருங்க" என்று சொன்னவர் ஒருவர்தான். ஒகேனக்கல் பரிசல்காரர்.

போனது என் சம்சாரத்துக்காக. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, பரிசலில் உட்கார்ந்து கீழேயிருந்து அந்த அருவியைப் பார்க்க வேண்டும். மில், மில் என்று நான் தள்ளிப் போட்டேன். முட்டி தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு காலையில், "கத்தி வெச்சப்புறம் கால் எப்படி ஆவுமோ, அதுக்குள்ள ஒருவாட்டி காட்டிடுங்க" என்றாள். மறுநாளே கிளம்பிவிட்டோம். மகளும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள்.

பரிசல் துறையில் ஜாக்கெட் மாட்டியதும் ஆட்களை நானே ஏற்றினேன். லாரியில் கனத்தை கேபினை ஒட்டி அடுக்கிப் பழகிய கை. நானும் மாப்பிள்ளையும் ஒரே பக்கமாக முன்னால் உட்கார்ந்தோம். பரிசல் குப்பென்று சாய்ந்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட, சம்சாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எனக்கு நீச்சல் தெரியாது.

பரிசல்காரர் கத்தவில்லை. துடுப்பால் கரையை ஊன்றிக்கொண்டே, "அண்ணா, இது லாரி இல்ல. வட்டத்துக்கு ஏது முன்னாடி, பின்னாடி? எழுந்து அந்தப் பக்கம் உட்காருங்க. மாப்ள இங்கயே இருக்கட்டும். அக்காவும் பாப்பாவும் எதிரெதிரா" என்றார். தராசுத் தட்டு மாதிரிப் பரிசல் நிமிர்ந்து நின்றது. தொட்டுப் பார்க்காமல் மூட்டையின் எடை சொல்வேன் என்று எனக்கு ஊரில் பேர் உண்டு. அந்த மனிதர் ஆட்களைப் பார்த்தே சொல்கிறார்! அந்த இடத்திலேயே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போய்க் கரை ஒதுங்கினோம். அங்கிருந்து பாறையும் மணலுமாக ஒரு நடை, அதைத் தாண்டித்தான் அருவி விழுகிற பள்ளம். பத்து அடி நடந்ததுமே சம்சாரத்துக்கு முட்டி மடங்கிவிட்டது. பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கியே உக்காந்துகினு இருக்கேன். நீங்க பாத்துட்டு வாங்க" என்றாள். வாழ்நாள் முழுக்க அவள் சொன்ன வார்த்தை அது. அருவிச் சத்தம் காதில் விழுகிறது, பார்க்க மட்டும் முடியவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"நான் தூக்கிக்கினு போறேன், வா."

"போதும் சும்மா இருங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே வார்டுல ஆபரேஷனா?"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பரிசல்காரர் அவர் கையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். "மாப்ள வேணாம், செருப்ப எடுத்துக்கட்டும். அண்ணா, மூட்ட தூக்குன ஆளுதானே நீங்க? வாங்க." அவர் மணிக்கட்டை நான் பிடித்து, என் மணிக்கட்டை அவர் பிடித்து, நான்கு கைகளையும் சேர்த்துப் பலகை போட்டோம். அவளை உட்கார வைத்தோம். தண்ணீரில் அதிகாரம் செய்தவர் இப்போது, "நடைய நீங்க சொல்லுங்கண்ணா" என்றார். அதுதான் பெரிய மனசு. மூட்டைக்காரன் நடை எனக்குத் தெரியும்: முட்டியை மடக்கி, சின்னச் சின்ன அடி, இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. "ம்... ம்..." என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடி வைத்தார். நடுவில் ஒருதரம்கூட இறக்கவில்லை.

அவளைப் பள்ளத்துக் கரையில் உட்கார வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தார். வெறுங்கால். வெயிலில் காய்ந்த பாறை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு எங்களை ஏற்றி அருவிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். சாரல் எங்கள் எல்லோரையும் நனைத்தது. "சுத்தட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிசலைச் சுழற்றினார். நான் விளிம்பை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். அவளோ, "இன்னொரு சுத்து தம்பி, இன்னொரு சுத்து" என்று சின்னப் பெண் மாதிரிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது கடைத்தெருவுக்கு நடந்தே போகிறாள். விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், அவளைத் தூக்கிப் போனபோது மகள் எடுத்த வீடியோவைக் காட்டுகிறாள். அதில் அவளும் பரிசல்காரரும் முழுசாகத் தெரிகிறார்கள், நான் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டேன். "அந்த தம்பிதான் என்னைத் தூக்கிக்கினு போய் அருவியக் காட்டுச்சி" என்கிறாள். பார்க்கிறவர்களும், "என்னா மனுஷன்யா!" என்கிறார்கள். சத்தியமாக அந்த மனிதருக்குத் தகும். அவர் போல ஒரு தொழில்காரரை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பலகைக்கு நான்கு கை. அதில் இரண்டு என்னுடையது. சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.