லட்சம் கட்டுரைக்குள் அல்ஃபியா

இது சத்தியமாக நடந்த கதை. ஆனால் ஜவுளிக்கடைக் கதை என்பதால் அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன்.

ராஜபாளையம் ஜவுளிக்கடை ஒன்றில் சேலை விற்றுக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறாள் அல்ஃபியா. பெண்ணையும் இலக்கியத்தையும் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பைச் சொல்ல இன்று சாயங்காலம்தான் கெடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ‘பெண்’ என்று தட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் உயரத்துக்குக் கட்டுரைகள் வந்து குவிந்தன. ஒன்றைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. இன்னொன்று ‘எந்தப் பல்கலைக்கழகம்?’ என்று விசாரித்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தலை சுற்றியது.

“ஏட்டி, நூறு சேலையப் பெரட்டிட்டு ஒண்ணும் எடுக்காமப் போற ஆளு மாதிரில்லா இருக்க!” என்று சிரித்தாள் கூட வேலை பார்க்கும் முனீஸ்வரி. “நாம மொதல்ல என்ன கேப்போம்? யாருக்கு எடுக்கீயன்னுதான?”

“யாருக்குன்னு எனக்கே தெரியலக்கா.”

“அப்ப நமக்குன்னு தேடு. காலையிலருந்து நின்னு நின்னு காலு கோயில் யானைக் காலாட்டம் வீங்கிப்போச்சு.”

‘கடையில் நிற்கும் பெண்’ என்று தேடியதும், இலவச இணைய நூலகம் ஒன்றில் ஒரு சிறுகதை அகப்பட்டது. அல்ஃபியா சத்தமாக வாசித்தாள். வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது, கதையில் வரும் விற்பனைப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். முதலாளி அதட்டியும் எழுந்திருக்கவில்லை. அதோடு கதை முடிந்துவிட்டது.

“எந்திரிச்சிருக்கணும். வேலை போயிருமில்ல?” என்றாள் கல்லாவில் இருக்கும் ஹஸீனா.

“நாள் பூரா உக்காந்திருக்கவ நீ பேசாத!” என்று முனீஸ்வரி சோற்றுக் கையோடு எழுந்தாள்.

அல்ஃபியாவுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. உட்கார்ந்தவள் பக்கமா, எழுந்திருக்கச் சொன்னவள் பக்கமா, யார் பக்கம் நின்று எழுதுவது என்றுதான் புரியவில்லை. அதற்குள் டிபன் பாக்ஸ் மூடி ஒன்று பறந்தது.